கூல்வெனின் தோளைத் தொட்டவர்

கூல்வென் கெர்லோக் பால் லாரி ஓட்டுகிறவர். எங்கள் ஊரான லான்ஸ்தெவனைச் சுற்றியுள்ள பண்ணைகளில் அவர் வருகிற நேரம் தெரியக் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. லாரி வளைவில் திரும்பும் முன்பே அவர் குரல் வந்து வாசலில் நின்றுவிடும். "ஏ சோவாஸ்! உன் மாடு இன்னிக்காவது பால் கறந்துச்சா, இல்ல வழக்கம்போல கிணத்துத் தண்ணிதானா?" என்பார். பண்ணைக்காரி சோவாஸ் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "உன் லாரி டயர்ல இருக்கிற காத்தே உன் வாயால அடிச்சதுதானேய்யா" என்று பதிலுக்கு விடுவாள். மனிதருக்கு அதுதான் வேண்டும். எதிர்த்து நிற்க ஆள் கிடைக்காத நாளில் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

ஆள் குட்டை. கழுத்து என்று தனியாக ஒன்றும் கிடையாது, தலை நேரே தோளில் உட்கார்ந்திருக்கும். காது இரண்டும் மல்யுத்தத்தில் நசுங்கிச் சப்பிப் போனவை. நிரம்பிய பால் கேன்களைக் கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு, வம்பளந்தபடியே லாரிக்கு நடப்பார். பால் ஒரு சொட்டு சிந்தாது. லாரியின் இருக்கைக்குப் பின்னால் அவருடைய கித்தான் சட்டை எப்போதும் மடித்துக் கிடக்கும். வழியில் எங்காவது, யாராவது, "வாய்யா ஒரு பிடி பிடிப்போம்" என்று கூப்பிட்டால்? தயாராக இருக்க வேண்டாமா!

கூரென் என்பது எங்கள் மல்யுத்தத்துக்குப் பெயர். கனத்த கித்தான் சட்டை, வெறுங்கால், மரத்தூள் பரப்பிய வட்டம், அவ்வளவுதான் வேண்டும். எதிராளியின் சட்டையைப் பிடித்துத் தூக்கி மல்லாக்கப் போட வேண்டும். அதிலும் இரண்டு தோள்பட்டையும் ஒன்றாகத் தரையில் பட வேண்டும், உடம்பில் வேறு எதுவும் அதற்கு முன்னால் படக்கூடாது. அப்படி விழுந்தால் லாம், அதாவது முழு வெற்றி. கை முந்திவிட்டால் லாம் இல்லை, முழங்கை முந்தினாலும் இல்லை. விழுந்தவன் மேல் அதற்குப் பிறகு விரல்கூட வைக்கக்கூடாது. "கீழ கெடக்கிறவன் மேல கை வைக்கிறவன் மல்லன் இல்லடா, பிக்பாக்கெட்" என்பார் கூல்வென்.

ஆகஸ்டில் தேவாலயத் திருவிழா. பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, பொம்பார்ட் குழல் ஊத ஆரம்பித்ததும் ஊர் முழுக்க மரத்தூள் வட்டத்தைச் சுற்றி உட்கார்ந்துவிடும். சின்னப் பரிசுகளெல்லாம் தீர்ந்த பிறகு கடைசியில் செம்மறிக் கிடா வரும். கிடா வேண்டும் என்கிறவன் அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வட்டத்தைச் சுற்றி நடக்க வேண்டும். மூன்று சுற்று. அவனுக்கு அது தகாது என்று நினைக்கிற எவனும் எழுந்து போய்த் தோளில் கை வைத்து "நில்!" என்று சொல்லலாம். சொன்னால் ஆட்டை இறக்கிவிட்டு மோத வேண்டும். ஜெயித்தவன் மறுபடி ஆட்டைத் தூக்கி முதலிலிருந்து சுற்ற வேண்டும். மூன்று சுற்றும் ஒருவனும் தொடாவிட்டால் கிடா அவனுடையது.

மீசை முளைத்த காலத்திலிருந்து ஆண்டு தவறாமல் கூல்வென் அந்தக் கிடாவைத் தூக்கினார். ஆண்டு தவறாமல் எவனாவது தொட்டான். சில வருடம் முதல் ஆளைப் போடுவார், இரண்டாவது ஆள் இவரைப் போட்டுவிடுவான். சில வருடம் மூன்று பேரைப் போட்டுவிட்டு நாலாவது ஆளிடம் சாய்வார். ஒரு முறை மூக்கு உடைந்தது. இன்னொரு முறை கிடாவே முட்டி விலா எலும்பில் விரிசல். கிடா மட்டும் ஒரு தடவைகூட அவர் வீட்டு வாசலைப் பார்த்ததில்லை. ஆனால் தோற்றுவிட்டு வீட்டுக்கு வருகிற அழகைப் பார்க்க வேண்டுமே! வேட்டையில் புலியைக் கொன்றவன் கெட்டான். "என்னைப் போடுறதுக்கு அவன் படாத பாடு பட்டான் ரோசென், நாக்கு வெளியே தள்ளிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டேதான் படி ஏறுவார்.

ரோசென் அவர் மனைவி. பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. அவள் சுடுகிற வெண்ணெய் கேக்குக்கு எங்கள் வட்டாரமே அடிமை. அவளுக்கோ புருஷன் பெருமையைவிடப் புருஷன் முதுகு முக்கியம். நாற்பதை நெருங்கிவிட்டார், குளிர்காலத்தில் குனிந்து பூட்ஸ் மாட்ட முடியவில்லை, அவள்தான் உட்கார்ந்து மாட்டிவிட வேண்டியிருந்தது. டாக்டர் வேறு, இனி விழுந்தால் எழுந்திருப்பது சந்தேகம் என்று சொல்லிவைத்தார்.

"இந்த வருஷம் வேண்டாமே" என்றாள் ரோசென்.

"ஆட்டை வாங்கிட்டு நிறுத்திடறேன்."

"பதினெட்டு வயசுலேர்ந்து இதையேதான் சொல்றீங்க."

"அப்ப எனக்கு எவ்வளவு உறுதி பாரு!"

இவரிடம் பேசிப் புண்ணியமில்லை என்று அவள் வேறு வழி பார்த்தாள். திருவிழாவுக்கு முந்தின வாரம் அவள் வீட்டு அடுப்பு அணையவில்லை. சுற்றுவட்டாரத்தில் மல்யுத்தம் பிடிக்கிறவன் ஒவ்வொருவன் வீட்டுக்கும் ஒரு வெண்ணெய் கேக் போனது. கூடவே ஒரு வேண்டுகோளும் போனது: இந்த ஒரு வருஷம் அவர் கிடாவைத் தூக்கும்போது தயவுசெய்து உட்கார்ந்திருங்கள், வாங்கிக்கொண்டு ஓயட்டும். அவளுடைய தம்பி மாலோவுக்கு இரண்டு கேக். மாலோதான் அப்போது வட்டாரத்திலேயே பெரிய மல்லன், அவனை உட்கார வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நடுவராக நிற்கிற ஜாகெஸ் ரொட்டிக்கடைக்காரர். அவருக்கே கேக் லஞ்சம் போயிற்று என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லோரும் மனமொப்பித்தான் ஒத்துக்கொண்டார்கள். கூல்வென் மேல் ஊருக்கு அவ்வளவு பிரியம். கூல்வெனைத் தவிர ஊரில் எல்லோருக்கும் விஷயம் தெரியும்.

ஆனால் சிப்பிக்காரர்களுக்கு யாரும் கேக் கொடுக்கவில்லை.

எவென் கடற்கரையில் சிப்பி வளர்க்கிறவன், கூல்வெனோடு பட்டாளத்தில் இருந்தவன். எங்கள் கடல் சிப்பியெல்லாம் நோய் வந்து செத்துக்கொண்டிருந்த காலம் அது. ஜப்பானிலிருந்து சிப்பிக் குஞ்சுகளைப் பெட்டி பெட்டியாக வரவழைத்துப் போட்டார்கள். அந்தப் பெட்டிகளோடு, வளர்க்கிற முறையைச் சொல்லிக்கொடுக்க சுகவாரா என்றொருவர் வந்து எவென் வீட்டில் தங்கியிருந்தார். நாற்பதுக்குப் பக்கத்தில் வயது. ஒல்லிபோலத் தெரியும், கையைக் குலுக்கினால்தான் தெரியும் சங்கதி. திருவிழா பார்க்க எவென் அவரை அழைத்து வந்தான்.

சாப்பாட்டு நேரத்தில் ஆளைக் காணோம். எவெனும் கூல்வெனும் தேடிக்கொண்டு போனால், தேவாலயத்தின் பக்கவாசலில் அண்ணாந்து பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். வாசல் வளைவின் மேலே கல்லில் இரண்டு மல்லர்கள். கொலம்பஸ் கப்பல் ஏறுவதற்கும் முன்னால் யாரோ செதுக்கியது. ஒருவன் சட்டையை ஒருவன் பற்றியிருக்கிறான், ஒருவன் கால் மற்றவன் காலுக்குள் கொக்கி போட்டிருக்கிறது.

"என்ன சார், சாப்பாட்டை விட்டுட்டு சாமி கும்பிடுறீங்களா?" என்றார் கூல்வென்.

சுகவாரா அந்தக் காலைச் சுட்டிக்காட்டினார். எங்கள் பாஷையை ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கித்தான் பேசுவார். "இது எனக்குத் தெரியும். எங்க ஊர்ல ஓஉச்சி-காரின்னு சொல்லுவோம்."

"உங்க ஊர்லயா? இது கிளிகெட்! எங்க தாத்தனுக்கு முப்பாட்டன் போட்டது!"

"நான் பள்ளிக்கூடத்து ஜூடோவுல போட்டேன். சட்டையைப் பிடிச்சு, உள்ளே கால் விட்டு, இப்படி." சுகவாரா காற்றில் காலை ஒரு இழு இழுத்தார். கூல்வெனுக்கு வாய் பிளந்துவிட்டது. குதிகாலைத் திருப்புகிற விதம், இடுப்பை ஒட்டுகிற விதம், எல்லாம் அச்சு அசல் அவருடையதேதான்.

"அப்ப யாரு யார்கிட்ட திருடினது?" என்றார் கூல்வென். "உண்மையைச் சொல்லிடுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். நீங்கதானே?"

சுகவாரா கல் மல்லனின் கால்களை விரலால் எண்ணிக் காட்டினார். "எங்க ஊர்லயும் மனுஷனுக்கு ரெண்டு கால்தான்" என்றார்.

எவென் விழுந்து விழுந்து சிரித்தான். கூல்வெனுக்கு அந்த ஆளை அந்த நிமிடமே பிடித்துப் போயிற்று. சாப்பாட்டுப் பந்தலில் பக்கத்தில் உட்காரவைத்து, சிடர் என்கிற ஆப்பிள் மது ஊற்றிக் கொடுத்து, ஒவ்வொரு பிடியாகக் கேட்டார். இடுப்பில் ஏற்றிப் போடுவது உண்டா? உண்டு. பாதத்தைத் தட்டிவிடுவது? உண்டு. ஆரம்பிக்கும் முன் வணக்கம்? உண்டு, அது இல்லாமல் தொடவே கூடாது. உண்டு உண்டு என்று சொல்லச் சொல்லக் கூல்வெனுக்குப் பெருமை பொங்கியது. உலகத்தின் அந்தக் கோடிவரை தன் தாத்தன்மார்தான் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று அவர் உள்ளுக்குள் முடிவே கட்டிவிட்டார்.

கிடா வந்தது. நல்ல கொழுத்த கிடா, சுருண்ட கொம்பு. கூல்வென் கித்தான் சட்டையை இறுக்கிக்கொண்டு உள்ளே போனார். முன்னங்காலையும் பின்னங்காலையும் சேர்த்துப் பிடித்து ஒரே தூக்கில் தோளுக்கு ஏற்றினார். ஊரே கை தட்டியது. முதல் சுற்று கிளம்பினார்.

மாலோ உட்கார்ந்திருந்த இடம் வந்தபோது நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினார். இவன் எழுந்திருப்பான் என்று தெரியும். அவனுக்கென்றே ஒரு பிடியை வசந்த காலம் முழுக்க மனதுக்குள் பழகிவைத்திருந்தார். மாலோ குனிந்து கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்தவன் மேகத்தைப் பார்த்தான். அதற்கும் அடுத்தவன், இல்லாத கொசுவை அடித்தான்.

"என்னங்கடா, எல்லார் வாயிலயும் கொழுக்கட்டையா?" என்றார் கூல்வென். சிலர் சிரித்தார்கள். யாரும் எழவில்லை. முதல் சுற்று முடிந்தது.

இரண்டாவது சுற்றில் அவர் கேலி பேசவில்லை. முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். தன்னை முந்தின வருடம் போட்டவன் இருக்கிறான், அதற்கு முந்தின வருடம் போட்டவனும் இருக்கிறான், எல்லோரும் கட்டுமஸ்தாக உட்கார்ந்துகொண்டு கனிவாகச் சிரிக்கிறார்கள். அந்தக் கனிவுதான் அவர் நெஞ்சில் குத்தியது. நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள். அடப்பாவிகளா, எனக்கு வயதாகிவிட்டது என்று எல்லோருமாகச் சேர்ந்து முடிவு பண்ணிவிட்டீர்களா என்று மனதுக்குள் வைதார். இத்தனை வருடம் சுமந்ததில் கிடா ஒருநாளும் இவ்வளவு கனத்ததில்லை. எல்லோர் முன்னாலும் அழுதுவிடுவோமோ என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டார். கீழே போட்டுவிட்டுப் போனால் ஊரை அவமதித்ததாகும், சுமந்துகொண்டு போனால் பிச்சை வாங்கியதாகும். கால்கள் அதுபாட்டுக்கு மூன்றாவது சுற்றில் நடந்தன.

பாதிச் சுற்றில் ஒரு கை அவர் தோளில் விழுந்தது.

"நில்" என்றார் சுகவாரா.

வட்டத்தைச் சுற்றி ஓவென்று இரைச்சல் கிளம்பியது. ரோசென் எழுந்து நின்று, "எவென்! உன் ஆளை வெளியே இழுடா!" என்று கத்தினாள். எவென் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தான். மாலோவின் பக்கத்தில் இருந்த செம்பட்டைத் தலைக்காரன் ஒருவனுக்குப் பொறுக்கவில்லை. "யோவ்! நாங்கெல்லாம் ரோசென் அக்கா கேக்கைத் தின்னுட்டு சும்மா உக்காந்திருக்கோம்ல? நீ யாருய்யா நடுவுல?" என்று கத்திவிட்டான்.

இரைச்சல் சட்டென்று அடங்கியது. கூல்வென் ஆட்டை மெல்ல இறக்கினார். திரும்பி ரோசெனைப் பார்த்தார். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"தப்பு பண்ணிட்டேனா?" என்று எவெனிடம் கேட்டார் சுகவாரா. "ஒரு மனுஷன் தூக்கிக்கிட்டு வா வான்னு கூப்பிடுறாரு. ஒருத்தரும் போகல. எங்க ஊர்ல அது அவருக்கு அவமானம். அதனாலதான் வந்தேன். இங்க வேற மாதிரியா?"

பதிலைக் கூல்வென்தான் சொன்னார். "இங்கயும் அதேதான் சார். இவங்கதான் மறந்துட்டாங்க." திரும்பி ஊரைப் பார்த்து உறுமினார். "சட்டை குடுங்கடா அவருக்கு!"

சட்டை வந்தது. சுகவாரா அதைத் தடவிப் பார்த்து, தையலை இழுத்துப் பார்த்து, தன் ஊர்ச் சட்டையும் இப்படித்தான் என்பதுபோல் தலையாட்டினார். எங்கள் வழக்கப்படி முதலில் சத்தியம் செய்ய வேண்டும்: சூது செய்ய மாட்டேன், முரட்டுத்தனம் காட்ட மாட்டேன், என் மானத்தின் மேல், என் மண்ணின் மேல் ஆணை என்று. கூல்வென் சொல்லச் சொல்லச் சுகவாரா திருப்பிச் சொன்னார். சொன்னதும் கை கொடுத்து, கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொள்ள வேண்டும். கூல்வென் கன்னத்தை நீட்டினார். சுகவாரா அதே நேரத்தில் இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். தலை நேராக வந்து கூல்வென் மூக்கில் மோதியது. கோபமாக உட்கார்ந்திருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள மூக்கா!" என்றார் கூல்வென். முகம் மலர்ந்துவிட்டது.

பிடித்தார்கள். பிடித்த மாத்திரத்தில் இருவருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவர் இழுத்தால் மற்றவருக்கு அடுத்தது என்ன வரும் என்று தெரிகிறது. இவர் உள்காலுக்குப் போனால் அவர் இடுப்பைப் பின்னுக்கு வாங்குகிறார், அவர் பாதத்தைத் தட்டினால் இவர் காலைத் தூக்கிவிடுகிறார். மாலோ தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டான்.

கூல்வென் ஒரு போலி இழுப்பு இழுத்தார், சுகவாரா முன்னுக்கு வந்தார், கால் உள்ளே போயிற்று. கிளிகெட்! சுகவாரா மல்லாந்து போய் மரத்தூளில் விழுந்தார். படாரென்று ஒரு சத்தம்.

"லாம்!" என்று கையைத் தூக்கினார் ஜாகெஸ். ஊர் எழுந்து ஆர்ப்பரித்தது.

"இல்ல" என்றார் கூல்வென்.

"என்னய்யா இல்ல? முதுகுல மரத்தூள் ஒட்டியிருக்கு பாரு!"

"சத்தம் கேட்டியா? அது முதுகு இல்ல, கை. கை முந்திடுச்சு. லாம் இல்ல."

உண்மைதான். சுகவாரா விழும்போது கையை வீசித் தரையை அறைந்திருந்தார். அவர்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கு முதல் பாடமே விழுவதுதான், அடி உடம்புக்குப் போகாமல் கையோடு போய்விடும்படி. அவருக்கு அது மூச்சு விடுவதுபோல. ஆனால் சுகவாராவோ எழுந்து, சட்டையைச் சரிசெய்து, குனிந்து வணங்கினார். "நான் தோத்துட்டேன்."

"தோக்கல சார்!"

"முதுகு பட்டுச்சு. நல்ல வீச்சு. எங்க ஊர்ல இது முழு வெற்றி. நான் தோத்துட்டேன்."

"உங்க ஊர்ல தோத்திருப்பீங்க. இங்க தோக்கல. கை முந்திடுச்சுன்னு சொல்றேன்ல!"

"இல்ல. நீங்க ஜெயிச்சீங்க."

"ஜெயிக்கல சார், படுத்தாதீங்க!"

இரண்டு பேரும் மூக்கோடு மூக்கு நின்று, நீதான் ஜெயித்தாய், இல்லை நீ தோற்கவில்லை என்று சண்டை போடுகிறார்கள். எங்கள் மரத்தூள் இப்படி ஒரு சண்டையை அதற்கு முன்னால் கண்டதில்லை. ஜாகெஸ் கையைத் தூக்குவதா இறக்குவதா என்று தெரியாமல் நின்றார். கடைசியில் எவென் நடுவே புகுந்து, "மரத்தூள் எந்த ஊருதோ சட்டமும் அந்த ஊருதுதான்" என்று சொல்லிப் பிரித்துவிட்டான்.

மறுபடி பிடித்தார்கள். இந்தத் தடவை சுகவாரா முந்திக்கொண்டார். இடுப்பை உள்ளே செருகி, கூல்வெனை மூட்டை போல முதுகில் ஏற்றிக் கவிழ்த்தார். ரோசென் கண்ணை மூடிக்கொண்டாள். கூல்வென் காற்றிலேயே முறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் விழுந்தார், லாம் இல்லை. ஆனால் சுகவாரா விடவில்லை. பழக்கதோஷம், கூடவே இறங்கி அவரை மரத்தூளோடு சேர்த்து அமுக்கிவிட்டார்.

"துரோகி! விழுந்தவனைத் தொடுறான்!" வட்டம் கொந்தளித்தது. மாலோ உள்ளே பாய்ந்தான். கீழே அமுங்கிக் கிடந்த கூல்வென் ஒற்றைக் கையை வெளியே நீட்டி அவனைத் தடுத்தார். "டேய், உக்காருடா! அவங்க ஊர்ல அப்படித்தான்!" மேலே இருந்தவருக்கு அப்போதுதான் உறைத்தது. துள்ளி எழுந்து நாலு பக்கமும் வணங்கினார், காதெல்லாம் சிவந்துவிட்டது. "மன்னிக்கணும். எங்க ஊர்ல கீழ விழுந்த பிறகுதான் பாதி வேலையே." கூல்வென் மரத்தூளைத் துப்பிவிட்டு, "பிக்பாக்கெட்டும் ஒரு கலைதான் போல" என்று சிரித்தார்.

அவர் முதுகு விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்த ஆளின் உடம்பு இப்போது அவருக்குப் படித்த பாடம். பிடியெல்லாம் ஒன்று, விழுவதில்தான் வித்தியாசம். அவரை விழவைத்தால் போதாது, அந்தக் கை தரைக்குப் போகாமல் பார்க்க வேண்டும். மூன்றாவது பிடியில் சுகவாராவின் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே கொத்தாகப் பற்றித் தன் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டார். சுகவாரா உள்காலுக்கு வந்தார். கூல்வெனும் உள்காலுக்குப் போனார். கல்லில் செதுக்கியிருந்த அதே பிடியில் இரண்டு பேரும் ஒரு கணம் அசையாமல் நின்றார்கள். பிறகு கூல்வென் மூச்சை அடக்கி ஒரே தள்ளு. இரண்டு தோள்பட்டையும் சேர்ந்தாற்போல் மரத்தூளில் பதிந்தன. பற்றிய கை பற்றியபடியே இருந்தது.

ஜாகெஸ் இந்தத் தடவை கூல்வென் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கையைத் தூக்கினார். சுகவாரா படுத்தபடியே வானத்தைப் பார்த்துச் சிரித்தார். "இப்ப ரெண்டு ஊர்ச் சட்டப்படியும் தோத்துட்டேன்."

கூல்வென் அவரைத் தூக்கி நிறுத்திக் கன்னத்தோடு கன்னம் வைத்தார். பிறகு குனிந்து இடுப்பு வளைய வணங்கவும் செய்தார், அந்த முதுகோடு. ஊர் எழுந்து நின்று தட்டியது. கிடாவை மறுபடி தோளில் ஏற்றினார். ஆனால் சுற்றக் கிளம்பவில்லை. நேரே ரோசென் முன்னால் போய் நின்றார்.

"எத்தனை கேக் சுட்டே?"

ரோசென் நிமிரவில்லை. "உங்க முதுகை யார் தேய்க்கிறது? பூட்ஸ் யார் மாட்டிவிடுறது? ஒருநாள் எழுந்திருக்க மாட்டீங்களோன்னு பயமா இருக்குங்க."

"பயப்படு. தேய்ச்சுவிடு. வேணாம்னு சொல்லல. ஆனா அந்த ரெண்டு சுத்து நான் எப்படி நடந்தேன் தெரியுமா? என் பொணத்தை நானே தூக்கிக்கிட்டு நடந்த மாதிரி இருந்துச்சு. இத்தனை வருஷமா என்னைத் தொட்டானுங்க, போட்டானுங்க. நான் ராஜாவாட்டம் வீட்டுக்கு வந்தேன். இன்னிக்கு எவனும் தொடல." அவருக்குக் கண் கலங்கிவிட்டது, ஆட்டைப் பிடித்திருந்ததால் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை. "நேத்து வந்த சிப்பிக்காரருக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலையேடி."

ரோசென் எழுந்தாள். தன் கைக்குட்டையால் அவர் கண்ணைத் துடைத்தாள், மூக்கில் இருந்த ரத்தத்தையும் துடைத்தாள். பிறகு வட்டத்தின் அந்தப் பக்கம் பார்த்துக் கத்தினாள், பள்ளிக்கூடத்தில் நூறு பிள்ளைகளை அடக்குகிற குரல் அது.

"டேய் மாலோ! உன் மாமா ஆட்டைத் தூக்கிக்கிட்டுப் போறாரு, கண்ணு அவிஞ்சு போச்சா?"

"அக்கா, நீதானே சொன்னே..."

"நான் சொன்னதைத் தூக்கிக் குப்பையில போடு! எந்திரிடா. அவரை லேசாப் பிடிச்சேன்னு மட்டும் தெரிஞ்சுது, என் வீட்டுப் படி ஏறாதே!"

மாலோ எழுந்தான். வட்டத்துக்குள் வந்து மாமன் தோளில் கை வைத்தான். "நில்லுங்க மாமா."

"உனக்காகத்தாண்டா காலையிலேர்ந்து காத்துக்கிட்டிருக்கேன்" என்றார் கூல்வென்.

மாலோ லேசாகப் பிடிக்கவில்லை. கூல்வெனும் விட்டுவிடவில்லை. பொம்பார்ட் குழல்காரர்கள் ஊதுவதை நிறுத்திவிட்டு நின்று பார்த்தார்கள். ஒரு தடவை மாலோவை அவர் பக்கவாட்டில் சாய்த்தே விட்டார், ஊர் மூச்சைப் பிடித்தது. ஆனால் மாலோ இளரத்தம். முடிவில் அவரைத் தலைக்கு மேல் எடுத்துப் போட்டான். சுத்தமான லாம், யாரும் எதுவும் பேச இடமில்லை. கூல்வென் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார். ரோசென் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாளே ஒழிய ஓடிப் போகவில்லை. அவர் தானாக எழுந்தார், மைத்துனனுக்குக் கன்னம் கொடுத்தார், கிடாவைத் தன் கையால் தூக்கி அவன் தோளில் போட்டார்.

"கைக்கு வந்ததை விட்டுட்டாரே, பாவம்" என்றாள் பக்கத்தில் நின்ற சோவாஸ்.

"பாவம்னு சொன்னே, பல்லு எகிறிடும்" என்றாள் ரோசென்.

கிடா கடைசி வரைக்கும் கூல்வென் வீட்டுக்கு வரவில்லை. ஆனால் அடுத்த ஆகஸ்டில் நடந்ததைத்தான் ஊர் இன்றைக்கும் சொல்கிறது. அந்த வருடம் கூல்வென் குனிந்து கிடாவைத் தோளில் சரியாக ஏற்றக்கூட இல்லை. ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. நாலு பக்கமிருந்தும் நாலு பேர் பாய்ந்து வந்து, நான்தான் முதலில் தொட்டேன், இல்லை நான்தான் தொட்டேன் என்று அவர் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒருவரையொருவர் தள்ளினார்கள். நடுவில் அவர் ஆட்டோடு நின்று, ஊரே கேட்கும்படி சிரித்தார்.

ரோசென் முன்வரிசையில் இருந்தாள். சோவாஸின் விலாவில் முழங்கையால் ஒரு இடி இடித்தாள்.

"பாத்தியாடி? என் புருஷனைத் தொடுறதுக்கு அடிச்சுக்கிறானுங்க!"